துரை அடுப்பில் தீ எரிந்த விவரம்

துரை பங்களா,
குலசேகரத்துக்கு மேலே,
ஐப்பசி மழை.

கர்த்தருக்குள் மிகவும் அன்பான ஜேசுதாஸ் அண்ணனுக்கு, தம்பி சுந்தர்சிங் தாழ்மையோடும், அந்தத் தாழ்மையைவிடச் சற்றுக் கூடுதலான பெருமையோடும் எழுதிக்கொள்வது. இங்கே தேவகிருபையால் நானும் ஜெபகுமாரியும் கோழிகளும் சுகம். கனடாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்திலும் மாலை ஜெபத்திலும் மறக்காமல் சொல்லுகிறோம். மாலை ஜெபத்தை இப்போது எதற்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுகிறோம் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் இவன் ஏன் காகிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இந்த மழைக்கு இங்கே டவர் கிடையாது. டவர் இருந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். புகைக்கூட்டின் உள்பக்கத்தை நான்கைந்து கோணத்தில் படம் எடுத்துப் போட்டதற்கு இப்படியொரு தண்டனையா? யாரோ ஒரு மருமகப்பிள்ளை அதை எக்ஸ்ரே என்று நினைத்து, மாமாவுக்கு நுரையீரலில் என்ன கோளாறு என்று கேட்டானாம். அதெல்லாம் போகட்டும். முக்கியமான காரணம், நீங்கள் போனில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்தது காற்றோடு போய்விடும். நான் ஜெயித்தது காகிதத்தில் இருக்க வேண்டும். பத்திரமாக எடுத்து வைக்கவும்.

சவால் என்னவென்று உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. பஸ் பணிமனையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றதும், அப்பா வாங்கிப் போட்ட இந்தத் துரை பங்களாவில்தான் மீதிக் காலம் என்று ஜெபகுமாரியையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். ஏறியது கோடையில். கோடையில் இது பரதீசு. மழை பிடித்த பிறகுதான் தெரிந்தது, துரை எதற்காக இதை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார் என்று. உப்பு வெள்ளமாகிறது. தீப்பெட்டியை உரசினால் மருந்து உதிருகிறது, தீ வருவதில்லை. என் வேதப்புத்தகத்தின் அட்டையில் பிடித்த பச்சைப் பூசணம் லேவியராகமம் வரைக்கும் இறங்கிவிட்டது. ஜெபகுமாரியின் கல்யாணப் பட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதையாவது அவள் பொறுத்தாள், ஆனால் இந்த ஈரத்தில் அவளுடைய முட்டு மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆலயத்தில் எல்லோரும் முழங்காலில் நிற்க, இவள் மட்டும் ஊன்றிய தூண் மாதிரி நிற்கிறாள். ஒரு நாள் பெட்டியைக் கட்டி வாசல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, இன்னொரு மழைக்காலம் நான் இதுக்குள்ள கிடக்க மாட்டேன். நாகர்கோவிலுக்கு நம்ம மக ஜெனிலாக்க பிளாட்டுக்குப் போறேன். நீங்க உங்க துரைக்கூட கிடந்துக்கிடுங்க."

அன்றைக்குப் பார்த்தா நீங்களும் போன் செய்ய வேண்டும்? "ஏலே சுந்தரு, சவத்த வித்துத் தொலைப்போம். பிரதீஷ்னு ஒரு பய ரிசார்ட்டு கெட்டக் கேக்கியான்" என்றீர்கள். நான் விட்டேனா? அண்ணே, முன்முறியில், அந்தப் பெரிய அறையில், துரை கட்டின கணப்பு அடுப்பு ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைச் சரிசெய்து தீ போட்டால் வீடு முழுக்க உலர்ந்துவிடும், ஜெபகுமாரிக்கு முட்டும் மடங்கும், வீடும் நமக்கே இருக்கும் என்று நியாயமாகச் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "மக்கா, இஞ்ச மைனஸ் இருவது. என் வீட்டிலயே அப்படியொரு பொந்து கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில நீ குளிர் காயப் போறியா? அப்பா ஒளிச்சு பீடி குடிச்சு நாறடிச்ச வீடு அது, மிச்சத்த நீ நாறடி" என்றீர்கள். அப்புறம் நீங்களாகவே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். ஐப்பசி மழை தீருவதற்குள் அந்த அடுப்பு எரிந்து, அதற்கு முன்னால் ஜெபகுமாரி உட்கார்ந்து பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்துத் தீர்த்தால் நீங்கள் விற்க மாட்டீர்கள். இல்லாவிட்டால் நான் பிரதீஷின் பத்திரத்தில் ஒப்புப் போட வேண்டும். இதுதான் சவால். இதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்பா பீடி விஷயத்தை நீங்கள் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் ரெண்டு பேரும் போர்டிங்கில் படித்தபோது, அப்பா மலையிலிருந்து இறங்கி நம்மைப் பார்க்க வரும்போதெல்லாம் சட்டையில் புகை நாறும். சபையில் மூப்பராக இருந்துகொண்டு ஒளித்துப் பீடி குடிக்கிறார் என்று கண்டுபிடித்தது நீங்கள். நம்பினது நான். அம்மாவிடம் சொல்லாமல் காப்பாற்றினது நாம் ரெண்டு பேரும். காப்பாற்றினதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும், போனில் விளம்பக் கூடாது.

இனி வேலைக்கு வருகிறேன். இந்தத் துரை அடுப்பை நாம் என்றைக்காவது அடுப்பாகப் பார்த்திருக்கிறோமா? கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்க வாக்காக இருக்கிறது என்றுதான் பார்த்தோம். நான் உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்தேன். இருட்டு. எனக்கு உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. அண்ணே, நான் காலமெல்லாம் பஸ்ஸுக்கு சைலன்சர் பார்த்தவன். புகைக்கூடு என்பது என்ன? நட்டமாக நிற்கிற சைலன்சர், அவ்வளவுதான். புகை எங்கே அடைக்கும், எங்கே கக்கும், எங்கே இருமும் என்று எனக்கு இன்னொருவன் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கல்வேலைக்கு ஒரு கொத்தனார் வேண்டுமே என்று முருகதாஸைக் கூப்பிட்டேன். குலசேகரத்தைச் சுற்றி அவன் கட்டாத புகைப்புரை இல்லை. கனடாவில் இருந்து உங்களுக்கு அந்தச் சொல்லே மறந்திருக்கும் என்பதால் சொல்லுகிறேன், ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே தீ போட்டு, புகையிலேயே காயவைக்கிற புரைதான் அது. நம் முற்றத்திலும் அப்பா கட்டினது ஒன்று இருக்கிறது. சரியாகச் சொன்னால், இருந்தது. அதற்கும் வருகிறேன்.

கீழேயிருந்து மூங்கிலை விட்டுக் குத்தினோம். முதலில் கருங்குருவிக் கூடு மாதிரி எதுவோ ஒரு சாக்கு நிறைய விழுந்தது. அடுத்த குத்துக்கு ஒரு மரநாய் விழுந்தது. சும்மா விழவில்லை, நேராக என் நெஞ்சில் விழுந்து, என் முகத்தை ஒரு தடவை பார்த்து, இவனிடம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்கிற மாதிரி சமையலறை வழியாக வெளியே போனது. போகிற போக்கில் கழுவி வைத்திருந்த அயிலை மீனில் பாதியையும் கொண்டுபோனது. ஜெபகுமாரி கையில் அகப்பையோடு வந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எங்களுடைய இத்தனை வருஷ இல்லறத்தில் அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

அதற்கு மேலே மூங்கில் போகவில்லை. டங் டங் என்று தகரச் சத்தம். நான் ஏணி வைத்து இடுப்பு வரைக்கும் உள்ளே ஏறிப் பார்த்தால், புகைக்கூட்டின் தொண்டையில் யாரோ ஒரு தகரத்தை வெட்டி, மடக்கி, சுற்றிலும் சாக்கைத் திணித்து, அதற்கு மேல் களிமண் பூசி, ஒரு எறும்பு போக வழியில்லாமல் அடைத்து வைத்திருக்கிறான். தானாக அடைந்த அடைப்பு இல்லை அண்ணே, வேண்டுமென்றே அடைத்த அடைப்பு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்ல புகைக்கூட்டை இப்படிக் கழுத்தைப் பிடித்து நெரித்த மடையன் யாராக இருக்கும்? விற்றுவிட்டுப் போகிற வயிற்றெரிச்சலில் துரையே செய்த சதிதான் என்று முடிவுக்கு வந்தேன். யாராக இருந்தாலும் அவன் பரம மடையன், புகையைப் பற்றிய சாமானிய அறிவுகூட இல்லாதவன் என்று முருகதாஸிடம் உரக்கச் சொன்னேன். அந்தத் துரையின் இன்னொரு லட்சணத்தையும் அவனுக்குக் காட்டினேன். முறியின் ரெண்டு சுவரிலும் உத்தரத்துக்குக் கீழே வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். துரை வேட்டையாடி வந்த மான்கறியைத் தொங்கவிட்ட கொக்கிகள் என்று விளக்கினேன். முருகதாஸ் தலையைச் சொறிந்தான். ரெண்டு பேரும் தொங்கித் தகரத்தைப் பிடுங்கினோம். கரி பிடித்து நாசமாய்ப் போன தகரம். ஜெபகுமாரி அதை எடுத்துப்போய்க் கோழிக்கூட்டின் மேல் போட்டாள்.

அடுப்பின் உள்சுவர் பொரிந்து கிடந்தது. புதுச் செங்கல் தீயைக் கண்டதும் வெடிக்கும். தீ கண்டு பழகின செங்கல்தான் வேண்டும். தீ கண்டு பழகின செங்கல் எங்கே இருக்கிறது? நம் முற்றத்துப் புகைப்புரையின் அடுப்பில்! அதை உடைத்து எடுத்தேன். உடைக்கும்போது மேல்சுவர் கொஞ்சம் சாய்ந்தது, பிறகு முழுக்கச் சாய்ந்தது. ரப்பர் வெட்டு, பால் உறை ஊற்றுவது, ஷீட் அடிப்பது எல்லாம் இங்கே ஜெபகுமாரியின் இலாகா. அவள் வந்து சாய்ந்த புரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம்.

சோதனை ஓட்டத்துக்கு வீட்டு ஜெபக்கூட்டத்தையே குறித்தேன். போதகர் எபிசன் இளம் வயது, சங்கீதம் நன்றாகப் பாடுவார். சபையார் முறி கொள்ளாமல் வந்தார்கள். நீங்கள் அனுப்பின பிரதீஷும் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி வந்து சேர்ந்தான். நான் அடுப்பின் முன்னால் நின்று, சைலன்சரையும் புகைக்கூட்டையும் ஒப்பிட்டுச் சிறிய பிரசங்கம் செய்து, தீ வைத்தேன். தீ அருமையாகப் பிடித்தது. புகையும் அருமையாக வந்தது. எங்கே வந்தது? சபைக்கு நடுவே வந்தது. முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் சோப்ரானோ போனது, மூன்றாம் சரணத்தில் போதகர் போனார். எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே நின்றான் என்று படித்திருக்கிறோம், ஆனால் மோசே வெளியே நின்றான் அண்ணே, அடைத்த முறிக்குள் அல்ல. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மழையில் முற்றத்தில் நிற்க, வாசலில் கட்டி வைத்த பெட்டியில் தடுக்கிப் பிரதீஷ் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே வீடியோ எடுத்தான். அந்த வீடியோ உங்களுக்கு வந்ததும், நீங்கள் அதைக் கனடாத் தமிழ்ச் சபைக்கே போட்டுக் காட்டியதும் எனக்குத் தெரியும்.

நான் முருகதாஸைப் பிடித்தேன். "ஏம்பா, அடைப்பெல்லாம் எடுத்தாச்சு, பெறகு ஏன் புகை வெளிய போவல்ல?"

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி சாறே போவும்? கூரைக்கு மேல ஏறி, பொந்துக்க வாயில காங்கிரீட்டு போட்டு அடைச்சிட்டேன்லா. சந்துபொந்தெல்லாம் பூசியாச்சு. ஒரு பொட்டு புகை வெளிய போவாது. எனக்க புகைப்புரை எல்லாம் அப்படித்தான்."

அண்ணே, நான் என்ன சொல்ல? இந்த மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு கொத்தனாரிடம் போய், தீ போடுகிற முறி ஒன்று இருக்கிறது, புகைக் கோளாறு இருக்கிறது, சரிசெய்து தா என்று சொன்னால் அவன் வேறு என்ன செய்வான்? புகை வெளியே போவதுதான் அவன் அகராதியில் கோளாறு. புகையை வெளியே விடுவதற்காக ஒருத்தன் வீடு கட்டுவான் என்பதை அவனால் கடைசிவரை நம்ப முடியவில்லை. "அப்பம் தீ எதுக்கு சாறே?" என்று கேட்டான். குளிருக்கு என்றேன். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

சரி, இனி நானே என்று லுங்கியை மடித்துக் கட்டிக் கூரை ஏறினேன். ஜெபகுமாரி கீழே நின்று, "விழுந்தா நான் எடுக்க மாட்டேன், எனக்கு முட்டு வலிக்குது" என்று உற்சாகப்படுத்தினாள். கூடச் சுத்தியலால் காங்கிரீட்டை உடைத்தேன். மழை உள்ளே விழாதபடி, நாலு கால் வைத்த ஒரு பஸ் கூரைத் தகடை மேலே தொப்பி போல மாட்டினேன். பணிமனையில் கழித்துக் கட்டின பஸ்ஸின் தகடு. இப்போது நம் புகைக்கூட்டின் உச்சியில் தடம் எண் தெளிவாகத் தெரிகிறது, கீழே ரோட்டில் போகிறவர்கள் நின்று கைகாட்டுகிறார்கள்.

இரண்டாம் சோதனை ஓட்டம். விறகு ஈரம், பிடிக்கவில்லை. இங்கே எல்லோரும் அடுப்பு பற்றவைக்கிற மாதிரி நானும் ஒட்டுப்பாலை, அதாவது ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலை, பிய்த்துப் போட்டு மூட்டினேன். சமையலறை அடுப்பில் ஒரு துண்டு போடுவார்கள். அடுப்பு பெரிது ஆயிற்றே என்று நான் ஒரு கூடை போட்டேன். அது புகை இல்லை, ராட்சசன். கறுப்பாகக் கொஞ்ச தூரம் மேலே ஏறி, யோசித்து, திரும்பி இறங்கி வந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபகுமாரி ஆலயத்துப் பீடத்தின் வெள்ளை விரிப்பைத் துவைத்து, மழைக்கு உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தாள். விரிப்பின் நிறத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் இந்தத் தடவை சொன்னாள். "பெட்டி கெட்டித்தான் வச்சிருக்கு. நாளைக்கு மழை விட்டா முதல் பஸ்ஸுக்குப் போவேன்." சொல்லிவிட்டுப் பெட்டியின் பட்டையை இன்னும் ஒரு கண் இறுக்கினாள்.

அண்ணே, அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இல்லை. அவள் போனால் நான் இங்கே யாரோடு சண்டை போடுவது? ரிசார்ட்டுக்கு ஒப்புப் போட்டுவிட்டு நானும் அந்தப் பிளாட்டில் போய், லிப்டில் ஏறி இறங்கிச் சாகவா? தலையில் கைவைத்து அந்தப் பொந்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் சில்லென்று காற்று அடித்தது. எங்கேயிருந்து? புகைக்கூட்டுக்குள்ளிருந்து, மேலேயிருந்து கீழே! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலையில் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் செய்தால் எடுத்ததும் இழுக்குமா? புகையைக் கக்கும், இருமும், சூடான பிறகுதானே ஓடும்! வருஷக்கணக்காக அடைந்து, ஈரம் குடித்துக் கிடந்த கூட்டில் குளிர்ந்த காற்று மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைச் சூடாக்கி மேலே தள்ள வேண்டும், பிறகுதான் அடுப்பு!

எழுந்தேன். காய்ந்த ஓலையை முறுக்கி ஒரு நீளச் சூட்டு, அதாவது ஓலைப் பந்தம், கட்டினேன். பற்றவைத்து, அடுப்புக்குள் குனிந்து, கையை நீட்டி, சூட்டை நேராகப் புகைக்கூட்டின் தொண்டைக்குள் பிடித்தேன். புருவம் கருகியது, கருகட்டும். ஒரு சூட்டு தீர்ந்தது, இன்னொன்று பிடித்தேன். திடீரென்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், "ஹூ...ம்" என்று! மேட்டில் ஏறும்போது நல்ல வண்டி கியர் மாறி இழுக்கிற அதே சத்தம்! சூட்டிலிருந்த தீயை மேலேயிருந்து யாரோ கையால் இழுத்த மாதிரி இழுத்தது. கீழே தென்னம்பாளைக் கொதும்பு வைத்தேன், சிரட்டை வைத்தேன், அதற்கு மேல் உலர்ந்த ரப்பர் விறகு வைத்தேன். எரிந்தது அண்ணே! ஒரு பொட்டுப் புகை முறிக்குள் வரவில்லை. வெளியே மழையில் ஓடிப்போய்ப் பார்த்தேன், தடம் எண்ணுக்குக் கீழே புகை நிமிர்ந்து போகிறது. நான் முற்றத்தில் நின்று கத்தின கத்தில் கீழ்த்தோட்டத்து ஆட்கள் பாம்பு என்று கம்பெடுத்து ஓடிவந்தார்கள்.

ஜெபகுமாரி வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் நாற்காலியை எடுத்து அடுப்பின் முன்னால் போட்டேன். கையால் கட்டன் சாயா போட்டேன். அவள் வந்தாள். உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். ஒரு மிடறு குடித்தாள். "சீனி போராது" என்றாள். சீனி போட்டேன். மீண்டும் குடித்தாள். தீயைப் பார்த்தாள், முட்டைத் தடவினாள், பைய மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். அது மடங்கியது! டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள், ஒரு சொட்டு விழவில்லை. சத்தம் கேட்டு வந்த போதகர் எபிசன் சாட்சி, முருகதாஸ் சாட்சி. "கொள்ளாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வந்தது, எங்கள் கல்யாண விருந்தில் பாயசத்துக்கு, அதற்குப் பிறகு இப்போதுதான். சூட்டில் எனக்கு வேர்த்து, சட்டையைக் கழற்றிவிட்டேன். கொட்டுகிற ஐப்பசி மழையில், மலைமேல், ஈர வீட்டுக்குள் ஒருவன் வேர்த்து உட்கார்ந்திருந்தான் என்றால் அது நான் ஒருவன்தான். உப்பு உப்பாக இருக்கிறது. தீப்பெட்டி பற்றுகிறது. லேவியராகமம் உலர்ந்துவிட்டது.

ஆகவே அண்ணே, சவாலில் ஜெயித்தவன் சுந்தர்சிங். பங்களா விற்பனைக்கு இல்லை என்று பிரதீஷுக்கு உடனே தெரிவிக்கவும். கனடாத் தமிழ்ச் சபையில் முதல் வீடியோவைப் போட்டுக் காட்டினவர், இந்தக் கடிதத்தையும் எழுந்து நின்று வாசித்துக் காட்ட வேண்டும். என்னைக் குடும்பக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டும். அண்ணிக்கு எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், எக்ஸ்ரே என்று நினைத்த மருமகனுக்கும் சேர்த்து. உங்கள் மைனஸ் இருபதில் கர்த்தர் உங்களைக் காப்பாராக. குளிர் தாங்காவிட்டால் இங்கே வாருங்கள், காய்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அடுப்பு எரித்த தம்பி,
தே. சுந்தர்சிங்

பின்குறிப்பு: பாலம் முங்கி பஸ் வராததால் மேற்படி கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்றைக்குத்தான் பஸ் வருமா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்து பார்க்கிறேன், துரை அடுப்பு முறியில் நாற்காலியைக் காணோம். சுவருக்குச் சுவர் மூங்கில் கட்டி, வரிசை வரிசையாக ரப்பர் ஷீட் தொங்குகிறது. அடுப்பில் தீயை அணைத்து, புது விறகு அடுக்கியிருக்கிறது. முருகதாஸ் ஏணியில் நின்று புகைக்கூட்டுக்குள் இடுப்பு வரைக்கும் போயிருக்கிறான். ஜெபகுமாரி கீழே நின்று சாக்குத் துண்டும் களிமண்ணும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, என்னது இது?" என்றேன்.

"புகைப்புரைக்க செங்கல்லு எங்க போச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அடிச்ச ஷீட்டெல்லாம் பூசணம் பிடிச்சுக் கிடக்கு. தீ நீங்க நல்லாத்தான் வச்சிருக்கிய. அத வானத்துக்கு விட்டு என்னத்துக்கு?"

"நான் அண்ணைக்கே சொன்னேன்லா சாறே" என்று கூட்டுக்குள்ளிருந்து முருகதாஸ் சத்தம் வந்தது.

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அப்போது மூங்கில்கள் எதில் கிடக்கின்றன என்று பார்த்தேன். துரையின் மான்கறிக் கொக்கிகளில். ஒரு மூங்கிலுக்கு ஒரு கொக்கி, எதிர்ச்சுவரில் அதற்கு நேராக இன்னொன்று, அளவெடுத்து அடித்த மாதிரி. தொண்டையை அடைக்க, கோழிக்கூட்டின் மேல் கிடந்த அதே பழைய தகரத்தை எடுத்திருக்கிறார்கள். ஷீட்டில் கரி உதிராமல் இருக்க ஜெபகுமாரி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதில் வெள்ளைப் பெயின்டில் உங்கள் பெயர் இருக்கிறது. அப்பா கையெழுத்து. நீங்கள் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டியின் மூடி அது. நீங்கள் படித்து முடித்துப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு, அப்பா அதை வெட்டி, புகைக்கூட்டை அடைத்து, இந்த முறியில் ஷீட் போட்டிருக்கிறார். முற்றத்துப் புரை அதற்குப் பிறகு, நான் டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த வருஷம் கட்டினது. அதற்கு முன்னேயும் இந்த முறியில்தான் புகை போட்டிருக்க வேண்டும், நாம் லீவுக்கு வரும்போது மட்டும் ஷீட்டை எடுத்து ஒதுக்கியிருப்பார். நாம் போர்டிங்கில் இருந்தபோது வெறும் சாக்கை வைத்து அடைத்திருப்பார். மேலே "மடையன்" என்று நான் எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் பேனாவால் நன்றாக அடித்துவிடவும்.

ஆக, துரை அடுப்பு மறுபடி அடைபட்டது. மாலை ஜெபம் சமையலறையில். ஆனாலும் சவாலில் நான் ஜெயித்தது ஜெயித்ததுதான், சாயா குடித்ததற்குச் சாட்சி இருக்கிறது. ஜெபகுமாரி பெட்டியை அவிழ்த்துவிட்டாள். அடுப்புச் சுவரின் மறுபக்கத்தில்தான் எங்கள் கட்டில், இப்போது சுவர் முழுக்க இதமான சூடு, முட்டுக்குக் கொள்ளாமாம். "நான் எங்கயும் போவல்ல. ஷீட்டுக்குத் தீ யாரு பாப்பா?" என்கிறாள். பங்களாவை விற்பதாக இருந்தால் நீங்கள் இனி அவளிடம்தான் பேச வேண்டும்.

அவள் சொன்னாளே என்று சற்று முன்னால் நானும் உள்ளே போய், ஷீட்டெல்லாம் திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணெரிய வெளியே வந்தேன். முற்றத்தில் நின்று சட்டையை மோந்து பார்த்தேன். போர்டிங் வாசலில் நாம் மோந்த அதே மணம். அண்ணே, அப்பா பீடி குடிக்கவில்லை.